ஃபாரெல் வில்லியம்ஸின் "ஹேப்பி": படம் பெற்றெடுத்த பாடலா, படத்தை விட்டு வெளியேறிய பாடலா?

மகிழ்நன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அனிமேஷன் படப் பாடல்களைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், கதைமாந்தரே வாய்திறந்து பாடுகின்ற, மேடை இசைநாடக மரபில் வந்த பாடல்களே முன்னால் வந்து நிற்கின்றன. ஹிப்ஹாப் தயாரிப்பில் கைதேர்ந்த ஒருவர், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையின் குரல் மரபை எடுத்துக்கொண்டு அத்தகைய படத்துக்குள் நுழையும்போது என்ன மாறுகிறது என்பதை ஒரே ஒரு பாடலை முன்வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பாடல், 2013-இல் "டெஸ்பிக்கபிள் மீ 2" படத்துக்காக ஃபாரெல் வில்லியம்ஸ் எழுதி, இசையமைத்து, தானே பாடிய "ஹேப்பி".

ஃபாரெல் 1973-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பீச் நகரில் பிறந்தவர். பள்ளிக் காலத் தோழரான சாட் ஹ்யூகோவுடன் சேர்ந்து "தி நெப்டியூன்ஸ்" என்ற பெயரில் ஜே-ஸீ, ஸ்னூப் டாக், கிளிப்ஸ் முதலிய ஹிப்ஹாப் கலைஞர்களுக்கு இசை தயாரித்துப் புகழ்பெற்றவர். அத்தகையவர் குழந்தைகள் படத்துக்குப் பாட்டு எழுதினார் என்பது பலருக்கு அப்போது வியப்பாக இருந்தது. ஆனால் அவர் அந்தப் படத்தொடருக்குப் புதியவர் அல்லர். 2010-இல் வந்த முதல் படத்துக்கே பாடல்களை எழுதி, எய்டர் பெரேராவுடன் சேர்ந்து பின்னணி இசையையும் கவனித்தவர். அந்தப் படங்களின் நாயகனான க்ரூ என்ற முன்னாள் வில்லனை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

என் கருத்து இதுதான். "ஹேப்பி"யின் வலிமை, படம் அதன்மேல் விதித்த கட்டுப்பாட்டிலிருந்து வந்தது. சிறுவயதில் பெண்பிள்ளைகளால் அவமானப்பட்டதிலிருந்து காதல் என்ற பேச்சையே ஒதுக்கி வைத்திருந்த, முகம் சுளித்தே பழகிய ஒருவர், லூசி வைல்டுடன் மனம் இணைந்த மறுநாள் காலையில் துள்ளியபடி தெருவில் போகிறார். அந்தக் காட்சிக்கு என்ன பாட்டு வைப்பது? ஃபாரெல் பாடல் மாற்றிப் பாடல் கொடுத்தும் படக்குழு ஏற்கவில்லை என்பதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யோசனைகள் எல்லாம் தீர்ந்துபோன நிலையில், எதனாலும் வாட்ட முடியாத அளவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் ஒருவனுக்கு எப்படிப் பாட்டு எழுதுவது என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அந்தக் கேள்விக்குச் சற்று எரிச்சலோடு சொல்லிக்கொண்ட பதிலைத்தான் பாடலாக்கியதாகவும் அவர் கூறியிருக்கிறார். தன் சொந்த ஆல்பத்துக்காக எழுதியிருந்தால், முதலில் வந்த மெட்டோடு அவர் திருப்தி அடைந்திருக்கக்கூடும். இயக்குநர்களும் தயாரிப்பாளரும் திரும்பத் திரும்பத் தலையசைத்து மறுத்ததால்தான் இந்த எளிமை கிடைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தேன்மொழி எழுதியது:

மகிழ்நன் அவர்களே, பாடலின் பிறப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனால் பிறந்த இடத்தை வைத்து வளர்ந்த இடத்தை முடிவு செய்ய முடியாது. காலவரிசையைக் கொஞ்சம் பார்ப்போம்.

படத்தின் பாடல் தொகுப்பு 2013 ஜூனில் வெளிவந்தது. படம் ஜூலை 3 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து, உலகெங்கும் ஏறத்தாழ 97 கோடி டாலர் வசூலித்தது. கோடிக்கணக்கான மக்கள் திரையரங்கில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். அப்போது அது வெற்றிப் பாடலாகவில்லை. ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 21 அன்று, தனிப்பாடலாகவும் 24 மணி நேரக் காணொளியாகவும் வெளிவந்த பிறகுதான் அது பற்றிக்கொண்டது. டிசம்பர் இறுதியில் பிரிட்டனில் முதலிடம். 2014 மார்ச் 8 தேதியிட்ட அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம், அங்கே தொடர்ந்து 10 வாரங்கள்.

படம்தான் இந்தப் பாடலின் வலிமை என்றால், படம் ஓடிய நாட்களில் அந்த வலிமை ஏன் வெளிப்படவில்லை? க்ரூவின் முகத்திலிருந்து பாடலைப் பிரித்தெடுத்து, முகம் தெரியாத நூற்றுக்கணக்கான மனிதர்களின் கால்களில் அதை ஏற்றியபோதுதான் கேட்பவர்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். கட்டுப்பாடு பாடலைப் பெற்றெடுத்தது. கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டதுதான் அதை வாழவைத்தது.

அசைவுக்கலைஞன் எழுதியது:

நான் அனிமேஷன் கூடத்தில் வேலை செய்பவன். பாடலின் வெற்றியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஆனால் பாடலுக்கும் அசைவுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது, அது மகிழ்நன் அவர்களின் கருத்துக்கு வலு சேர்க்கும் என்று தோன்றுகிறது.

"ஹேப்பி"யின் வேகம் நிமிடத்துக்கு 160 தட்டு. திரைப்படம் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 160 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 0.375 நொடி, அதை 24-ஆல் பெருக்கினால் சரியாக 9 ஃப்ரேம் வருகிறது. மீதி எதுவும் இல்லை. நடனக் காட்சியை அசைவூட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை இத்துறையில் இல்லாதவர்களுக்கு விளக்குவது கடினம். தட்டு ஃப்ரேம்களுக்கு நடுவே விழுகின்ற பாடல் என்றால், சில அடிகளை ஒரு ஃப்ரேம் முன்னும் சில அடிகளை ஒரு ஃப்ரேம் பின்னும் தள்ளித் தள்ளி, முழுக் காட்சியும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது நடை. எங்கள் துறையில் பழகத் தொடங்கும் எவரும் முதலில் கற்றுக்கொள்வது, இயல்பான சுறுசுறுப்பான நடைக்கு ஓர் அடிக்கு 12 ஃப்ரேம் என்பதாகும். அதை 16 ஆக்கினால் உலாவுகிற நடை. 8 ஆக்கினால் ஏறக்குறைய ஓட்டம், அல்லது கேலிச்சித்திரப் பாத்திரங்களின் துள்ளல் நடை. 9 ஃப்ரேம் என்பது நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட எல்லையில், ஓட்டத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதாவது, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி வைத்து நடந்தால் அந்த உடல் துள்ளியே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

இனி க்ரூவின் உடலமைப்பைப் பாருங்கள். பீப்பாய் போன்ற மேலுடல், குச்சிக் கால்கள். அந்தப் பாரத்தை அந்தக் கால்கள் 9 ஃப்ரேமுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும்போது, மார்பு மேலெழுந்து இறங்குவதே நகைச்சுவையாகவும் மகிழ்ச்சியாகவும் தெரிகிறது. மேலும், 9 ஒற்றைப்படை எண். இரு அடிகளுக்கு நடுவில் ஒரு கால் மற்றொரு காலைக் கடக்கும் நிலை சரிபாதியில் விழாது. நான்காவது ஃப்ரேமில் வைப்பதா ஐந்தாவதில் வைப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். நான்கில் வைத்தால் உடல் விரைந்து எழுந்து, சற்று மிதந்து இறங்கும். ஐந்தில் வைத்தால் தயங்கி எழுந்து சட்டென்று விழும். முதலாவது மகிழ்ச்சி, இரண்டாவது களைப்பு. இத்தகைய நுணுக்கங்களால்தான் இந்தப் படத்தை உருவாக்கிய, அப்போது இலுமினேஷன் மாக் கஃப் என்று அழைக்கப்பட்ட பாரிஸ் கூடத்தின் வேலையை நாங்கள் மரியாதையோடு பார்க்கிறோம்.

தேன்மொழி அவர்கள் சொல்லும் 24 மணி நேரக் காணொளியிலும் மக்கள் என்ன செய்கிறார்கள்? நடந்துகொண்டே ஆடுகிறார்கள். அந்த நடை க்ரூவுக்காகத் தேர்ந்தெடுத்த வேகத்திலிருந்து வந்தது.

கீதப்பிரியன் எழுதியது:

அசைவுக்கலைஞன் ஐயாவின் கணக்கு மிக அருமை. இந்த இழையை இதற்காகவே சேமித்து வைக்கிறேன்.

பாடலின் உள்ளிருக்கும் இசையைப் பற்றி நானும் சிறிது சொல்கிறேன். மகிழ்ச்சிப் பாட்டு என்றால் மேஜர் ஸ்கேலில் பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இது பொதுவாகச் சோகமாக ஒலிக்கும் எஃப் மைனர் சாயலில் நிற்கிறது. சரணத்தில் எஃப் ஸ்வரத்தைச் சுற்றியே மெட்டு ப்ளூஸ் நடையில் சுழல்கிறது. பல்லவிக்குள் நுழையும்போது டி ஃப்ளாட் மேஜர் செவன்த் கார்டு திறந்துகொள்கிறது, உடனே சி மைனருக்கு இறங்குகிறது. ஒரு கணம் வெளிச்சம், அடுத்த கணம் மெல்லிய நிழல். அந்த நிழல் இல்லாவிட்டால் இந்தப் பாட்டு விளம்பர ஜிங்கிளாகச் சுருங்கியிருக்கும். துன்பத்தைக் கடந்து வந்தவனின் மகிழ்ச்சியைத் துன்பத்தின் ஸ்வரங்களாலேயே பாடுவது சோல் இசைக்கும், அதன் தாயான தேவாலயக் காஸ்பல் இசைக்கும் உரிய பழைய வழக்கம்.

பாடலின் இடைப்பகுதியைத் தனியே கேளுங்கள். பேஸும் கீபோர்டும் ஒதுங்கிவிடுகின்றன. கைத்தட்டலும் கூட்டுக்குரலும் தலைமைக் குரலுமே மிஞ்சுகின்றன. ஒருவர் அழைக்க மற்றவர்கள் பதில் சொல்லும் முறை அது. அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை அந்த இருபது முப்பது நொடிக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார். குழந்தைகள் படத்தில், க்ரூவின் குட்டி உதவியாளர்களான மஞ்சள் நிற மினியன்கள் ஓடித்திரியும் படத்தில், இதைக் கேட்பது எனக்கு இன்றும் பெருமகிழ்ச்சி தருகிறது.

ஹிப்ஹாப் எங்கே என்று சிலர் கேட்கலாம். அவர் ராப் செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் தாளத்தை முதலில் நிறுத்தி, அதன்மேல் மிகக் குறைந்த ஒலிகளை வைத்து, ஒவ்வோர் ஒலியும் தனித்துக் கேட்கும்படி இடைவெளி விட்டு அடுக்குவது நெப்டியூன்ஸ் இருவரும் ராப் பாடகர்களுக்காகப் பழகிய கட்டுமானம்.

யாழினி எழுதியது:

இந்த இழையில் சீலோ கிரீனின் பெயர் இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தேன். சோல் இசையும் ஹிப்ஹாப்பும் சேர்ந்த பாடகர் என்றால் அவரைவிடப் பொருத்தமானவர் யார்? அட்லாண்டாவின் குடி மாப் குழுவில் ராப் பாடியவர். நார்ல்ஸ் பார்க்லி என்ற பெயரில் டேஞ்சர் மவுஸோடு சேர்ந்து 2006-இல் "கிரேஸி"யைப் பாடியவர். 2012-இல் "ஹோட்டல் டிரான்சில்வேனியா" என்ற அனிமேஷன் படத்தில் மர்ரி என்ற மம்மிக்குக் குரல் கொடுத்தவரும் அவரே.

"ஹேப்பி"யை முதலில் சீலோவும் பாடிப் பதிவு செய்திருந்தார். அவர் பாடியது தன்னுடையதைவிடச் சிறப்பாக இருந்தது என்று ஃபாரெலே 2014-இல் ஒரு வானொலிப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது சீலோவின் கிறிஸ்துமஸ் ஆல்பம் வெளிவரவிருந்ததால், அவர் சார்ந்த இசை நிறுவனத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் இந்தப் பாடலை அவர் வெளியிடுவது பொருந்தாது என்று கருதிவிட்டார்கள். அதன் பிறகுதான் ஃபாரெலின் குரலே படத்தில் நின்றது. ஆனாலும் சீலோ அந்தப் பாடல் தொகுப்பிலிருந்து முழுக்க விலகிவிடவில்லை; ஃபாரெல் தயாரிப்பில் "ஸ்க்ரீம்" என்ற பாடலை அதில் பாடியிருக்கிறார். "ஹேப்பி"யின் பேரொளியில் அது யார் கண்ணிலும் படாமல் போனது எனக்கு வருத்தம்.

என் கேள்வி இதுதான். சீலோவின் குரல் பெரிய குரல். தொண்டையின் அடியிலிருந்து எழுந்து கூரையை முட்டுகின்ற குரல். அது க்ரூவுக்குப் பொருந்தியிருக்குமா?

மகிழ்நன் எழுதியது:

யாழினி, மிக நல்ல கேள்வி. பொருந்தியிருக்காது என்றே எனக்குப் படுகிறது, சீலோ ஒப்பற்ற பாடகராக இருந்தும். அவர் பாடினால் அது பாடகரின் வெற்றியாக ஒலிக்கும். ஃபாரெலுடைய குரல் மெல்லியது. உச்சத்தில் அது பொய்க்குரலாக (ஃபால்செட்டோ) மாறிவிடுகிறது, அழுத்தம் கொடுக்க முயல்வதே இல்லை. மகிழ்ச்சி பழக்கமில்லாத ஒரு மனிதர் மனத்துக்குள் முணுமுணுப்பதாக அதை நம்ப முடிகிறது. க்ரூவுக்குக் குரல் கொடுத்த ஸ்டீவ் கரெல் கட்டையான, கிழக்கு ஐரோப்பியச் சாயலுள்ள உச்சரிப்பில் பேசுகிறார். அந்தக் குரலால் பாட முடியாததை வேறொரு குரல் அவருக்காகப் பாடுகிறது. இரண்டு குரலும் இவ்வளவு எதிரெதிராக இருப்பதால்தான் காட்சி நிற்கிறது.

தேன்மொழி அவர்களே, படம் ஓடிய நாட்களில் ஏன் வெற்றி வெளிப்படவில்லை என்று கேட்டீர்கள். அந்தக் கோடையில் வானொலி முழுவதும் ஃபாரெலின் குரலே ஒலித்துக்கொண்டிருந்ததை மறந்துவிடக் கூடாது. டாஃப்ட் பங்கோடு "கெட் லக்கி", ராபின் திக்கோடு "ப்ளர்ட் லைன்ஸ்" என்று இரண்டு பெரும் பாடல்கள் ஒரே நேரத்தில் ஓடின. தனிப்பாடலாகவே வெளியிடப்படாத மூன்றாவது பாட்டுக்கு அங்கே இடமிருந்திருக்காது.

தேன்மொழி எழுதியது:

அந்த விளக்கம் ஓரளவு சரி. ஆனால் 24 மணி நேரக் காணொளியை வெறும் விளம்பரக் கருவியாக ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது தன்னளவில் ஒரு கலைப்படைப்பு.

"வி ஆர் ஃப்ரம் எல்.ஏ." என்று பெயர் வைத்துக்கொண்ட இரு பிரெஞ்சு இளைஞர்கள் அதை இயக்கினார்கள். நான்கு நிமிடப் பாட்டு, 360 முறை. 1,440 நிமிடங்கள், அதாவது ஒரு முழு நாள். லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களிலும் கடைகளிலும் நடைபாதைகளிலும் ஒருவர் பின் ஒருவராக ஆடி வருகிறார்கள். கேமரா பின்வாங்கிக்கொண்டே அவர்களைத் தொடர்கிறது. ஒவ்வொருவருக்கும் வெட்டு இல்லாத ஒரே ஷாட். ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஃபாரெல் தோன்றுகிறார். மேஜிக் ஜான்சன், ஜேமி ஃபாக்ஸ், ஸ்டீவ் கரெல் போன்ற பிரபலங்களும் இடையே வருகிறார்கள். ஆனால் பார்ப்பவரை நிறுத்திவைப்பது பிரபலங்கள் அல்லர். அதிகாலை மூன்று மணிப் பகுதியைத் திறந்தால், ஆளரவமற்ற இருட்டில், தெருவிளக்கு வெளிச்சத்தில் தனியாக ஒருவர் ஆடிக்கொண்டிருப்பார். அவர் யார் என்று நமக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. பாட்டு ஓடும் நேரம் முழுவதும் அந்த உடலை மட்டும் பார்க்கிறோம். இணையதளத்தில் கடிகார முள்ளை நகர்த்தி எந்த நேரத்துக்கும் போகலாம் என்ற அமைப்பு இருந்ததால், தங்கள் ஊரின் அந்த நேரத்தில் யார் ஆடுகிறார்கள் என்று பார்ப்பதே மக்களுக்கு விருப்பமாகிப்போனது.

அதைப் பார்த்துத்தான் உலகெங்கும் தங்கள் ஊர்த் தெருக்களில் ஆடிப் படமெடுத்து ஏற்றினார்கள். புயலால் சிதைந்த பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரத்து மக்களும் ஆடினார்கள். க்ரூவை நினைத்து அவர்கள் ஆடவில்லை.

நிலாமுற்றம் எழுதியது:

டெஹ்ரான் நிகழ்ச்சியையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 2014 மே மாதத்தில், இந்தப் பாட்டுக்கு மாடியிலும் சந்திலும் ஆடிப் படமெடுத்த ஈரானிய இளைஞர்களும் இளம்பெண்களும் கைது செய்யப்பட்டார்கள். பெண்கள் முக்காடு இல்லாமல் ஆண்களோடு சேர்ந்து ஆடியது அங்கே குற்றம். அரசுத் தொலைக்காட்சியில் அவர்களை வருத்தம் தெரிவிக்க வைத்தார்கள். செப்டம்பரில் சிறைத் தண்டனையும் 91 கசையடியும் விதித்து, அவற்றை நிறுத்தி வைத்தார்கள். அதாவது, மீண்டும் "தவறு" செய்தால் தண்டனை நிறைவேறும் என்ற மிரட்டல் தலைக்கு மேல் தொங்கியது.

அனிமேஷன் படத்தில் வரும் ஒரு காலை நேரப் பாட்டுக்கு இத்தனை விலை கொடுக்க நேர்ந்ததே என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை. அவர்கள் ஆடியதில் அரசியல் முழக்கம் ஒன்றும் கிடையாது. இந்த இடத்தில் தேன்மொழி அக்காவின் பக்கமே நான் நிற்கிறேன். பாட்டு யாருடையது என்பதை ஆடுவதற்குத் துணிந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

கீதப்பிரியன் எழுதியது:

நிலாமுற்றம் சொன்னது நெஞ்சைத் தொட்டது. விவாதம் ஆஸ்கருக்கும் போக வேண்டும் என்பதால் அதைத் தொடங்கி வைக்கிறேன்.

சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் விதிப்படி, பாடல் அந்தப் படத்துக்காகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். படத்தின் உள்ளேயோ, முடிவில் பெயர்கள் ஓடும்போது முதல் இசையாகவோ வர வேண்டும். "ஹேப்பி" படத்தின் உள்ளேயே வருவதால் தகுதி பெற்றது. 2014 மார்ச் 2 அன்று நடந்த விழாவில் நான்கு பாடல்களே போட்டியிட்டன. ஐந்தாவதாக அறிவிக்கப்பட்ட ஒன்றை, அதன் இசையமைப்பாளர் வாக்காளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியதற்காக ஜனவரி இறுதியிலேயே நீக்கிவிட்டார்கள். ஃபாரெல் மேடையில் பாடினார். அரங்கில் இறங்கி மெரில் ஸ்ட்ரீப், லுபிடா நியாங்கோ, ஏமி ஆடம்ஸ் ஆகியோரையும் ஆட வைத்தார். விருது "ஃப்ரோசன்" படத்தின் "லெட் இட் கோ"வுக்குப் போனது.

இது நியாயமான முடிவா?

அசைவுக்கலைஞன் எழுதியது:

நியாயமான முடிவே. வேலை செய்பவனின் கோணத்தில் சொல்கிறேன். "லெட் இட் கோ" எழுதப்பட்ட பிறகு அந்தப் படத்தின் கதையையே மாற்றினார்கள். அதைப் பாடும் எல்சாவை வில்லியாக வைத்திருந்த கதை, அந்தப் பாட்டைக் கேட்ட பின் நிற்கவில்லை. அவளுக்கு அனுதாபம் கிடைக்கும்படி கதையைத் திருத்தி எழுதினார்கள். ஒரு பாடல் படத்துக்குச் செய்யக்கூடிய உச்சபட்சக் காரியம் அதுதான். "ஹேப்பி" அந்தக் காட்சிக்கு உயிர் கொடுத்தது. கதையின் போக்கை அது திருப்பவில்லை. அந்தக் காட்சி முடிந்ததும், லூசி ஆஸ்திரேலியாவுக்கு மாற்றப்பட்டுவிட்டாள் என்ற செய்தி க்ரூவுக்குக் கிடைக்கிறது, மகிழ்ச்சி நொறுங்குகிறது. அந்த வீழ்ச்சி வலிப்பதற்காகவே பாட்டு அவரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிச் செல்கிறது. நல்ல வேலை, ஆனால் அளவோடு செய்த வேலை.

யாழினி எழுதியது:

எனக்கு அந்த முடிவு உறுத்தலாகவே இருக்கிறது. கதைமாந்தர் நின்று பாடினால் மட்டுமே அது "படத்தின் பாடல்" என்ற எண்ணம் அனிமேஷன் துறையில் ஆழமாக ஊறியிருக்கிறது. மேடை நாடக மரபில் வராத கலைஞர்களுக்கு, குறிப்பாக சோல் மரபிலிருந்தும் ஹிப்ஹாப் மரபிலிருந்தும் வருகிறவர்களுக்கு, இது பாதகமான அளவுகோல். அவர்கள் மரபில் பாட்டு கதை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஓர் உணர்வை எடுத்து, அதே இடத்தில் நின்று, சுழற்றிச் சுழற்றி ஆழப்படுத்துவார்கள். "ஹேப்பி"யில் சொல்லப்படுவது ஒரே செய்திதான், நான்கு நிமிடமும் அதையே சொல்கிறது, சலிக்கவில்லை. இதற்குத் தேவைப்படும் திறமை கதை நகர்த்தும் திறமையைவிடக் குறைந்ததன்று. 2015 பிப்ரவரியில் கிராமி விழா அதே பாட்டுக்கு இரண்டு விருதுகள் கொடுத்தது: சிறந்த பாப் தனிக்குரல் நிகழ்த்துதலுக்கு ஒன்று, சிறந்த இசைக் காணொளிக்கு ஒன்று. இசைத்துறைக்குப் புரிந்தது திரைத்துறைக்குப் புரியவில்லை.

கீதப்பிரியன் எழுதியது:

யாழினி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனினும் மரபு என்று பேசும்போது ஒன்றைத் தவிர்க்க முடியாது. அதே 2015 மார்ச்சில், "ப்ளர்ட் லைன்ஸ்" பாடல் சோல் பாடகர் மார்வின் கேயின் 1977-ஆம் ஆண்டுப் பாடலின் உரிமையை மீறியதாக லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்ற ஜூரி தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 2018-இல் அது நிலைத்தது. பழைய சோல் பாடல்களின் உணர்வை எடுத்துக்கொள்வது எதுவரை மரியாதை, எங்கிருந்து கடன் என்ற கேள்வி ஃபாரெலின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

"ஹேப்பி"யைக் கேட்கும்போதும் 1960-களின் சோல் தட்டுகள் நினைவுக்கு வருகின்றன. உயர்ந்த மென்குரலைக் கேட்டால் சோல் பாடகர் கர்டிஸ் மேஃபீல்ட் நினைவுக்கு வருகிறார். ஆனால் இங்கே எந்தக் குறிப்பிட்ட பாட்டின் நிழலும் விழவில்லை. ஒரு காலத்தின் கைப்பழக்கம் மட்டுமே தெரிகிறது. இதற்கும் படமே காரணம் என்பேன். க்ரூவின் நடைக்கு ஏற்ற வேகம் முதலில் தேவைப்பட்டது. வேகம் வேறாகிவிட்டால் பழைய பாட்டின் அச்சில் போய் விழுவதற்கு வாய்ப்புக் குறைவு. நடனக் கூடத்துக்காக எழுதும்போது முன்னோடியின் தாளம் கையைப் பிடித்து இழுக்கும். காட்சிக்காக எழுதும்போது காட்சி இழுத்துச் செல்கிறது.

தேன்மொழி எழுதியது:

கீதப்பிரியன் அவர்களின் இந்த வாதம் என்னை யோசிக்க வைக்கிறது. மகிழ்நன் அவர்களின் தொடக்கக் கருத்துக்கு இந்த இழையில் வந்த ஆதாரங்களிலேயே இதுவும் 9 ஃப்ரேம் கணக்கும்தான் எனக்கு வலுவாகப் படுகின்றன. ஆயினும் என் நிலையில் மாற்றமில்லை. பாடலின் உருவம் படத்திலிருந்து வந்தது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதன் பொருளும் படத்திலிருந்து வந்தது என்றால் மறுப்பேன். தக்லோபானிலும் டெஹ்ரானிலும் ஆடியவர்கள் அதற்கு வேறு பொருள் கொடுத்தார்கள். 2014 ஏப்ரலில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில், உலக மக்கள் ஆடிய காணொளிகளின் தொகுப்பைப் பார்த்து ஃபாரெல் கண்ணீர் விட்டு அழுதார். தான் எழுதியது தன் கையை விட்டுப் போய்விட்டதை உணர்ந்த மனிதரின் அழுகையாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

மகிழ்நன் எழுதியது:

தேன்மொழி அவர்களே, உருவத்தையும் பொருளையும் அப்படிக் கத்தரித்துப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. புயலில் வீடிழந்தவர்கள் ஏன் இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்? மகிழ்ச்சியைப் பற்றிய பாடல்கள் ஆயிரம் இருக்கின்றன. இதில் மட்டும், மகிழ்ச்சியைக் கெடுக்க வருகிறவர்களைப் பார்த்துப் பேசும் தொனி இருக்கிறது; என்னை வீழ்த்திப் பார் என்ற அறைகூவல் அந்த இடைப்பகுதியில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தொனி எங்கிருந்து வந்தது? வாழ்நாள் முழுவதும் மகிழ்ச்சியை நம்பாமல் இருந்த க்ரூவுக்காக எழுதியதால் வந்தது. எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் ஓர் இளவரசனுக்காக எழுதியிருந்தால் அந்த அறைகூவலுக்குத் தேவையே இருந்திருக்காது.

நிலாமுற்றம் எழுதியது:

மகிழ்நன் அண்ணா, இப்போது நான் இரண்டு பக்கமும் இழுபடுகிறேன். ஒரு சந்தேகம்: ஃபாரெல் இதற்குப் பிறகும் அதே இலுமினேஷன் நிறுவனத்தின் படங்களுக்குப் பாடினாரா? புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் எந்த வரிசையில் கேட்கலாம்?

யாழினி எழுதியது:

நிலாமுற்றம், பாடினார். 2017-இல் வந்த மூன்றாம் படத்துக்கு "யெல்லோ லைட்", "தேர்ஸ் சம்திங் ஸ்பெஷல்" முதலியவற்றை எழுதினார். 2018-இல் வந்த "தி கிரின்ச்" படத்துக்குக் கதைசொல்லியாகக் குரல் கொடுத்தார். அந்தப் படத்துக்கு ராப் கலைஞரான டைலர், தி க்ரியேட்டர் பாடினார் என்பதையும் கவனியுங்கள். ஹிப்ஹாப் கலைஞர்களை அழைத்து வரும் வழக்கத்தை அந்த நிறுவனம் கைவிடவில்லை. 2024-இல் மார்கன் நெவில் இயக்கிய "பீஸ் பை பீஸ்" வந்தது. ஃபாரெலின் வாழ்க்கையை முழுக்க லெகோ அனிமேஷனாகவே சொன்ன படம் அது.

கேட்கும் வரிசை என்றால், 2010 படத்தின் தலைப்புப் பாடலில் தொடங்குங்கள். அதில் க்ரூ இன்னும் வில்லன். தாளம் கனத்து, மெதுவாக, மிரட்டலாக நடக்கும். அடுத்து, இரண்டாம் படத்தின் "ஜஸ்ட் எ கிளவுட் அவே"யைக் கேளுங்கள். பிறகு சீலோவின் "ஸ்க்ரீம்". "ஹேப்பி"யைக் கடைசியாக வையுங்கள். ஒரே பாத்திரத்துக்காக ஒரே இசையமைப்பாளர் மூன்றே ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

அசைவுக்கலைஞன் எழுதியது:

யாழினி அவர்களின் வரிசையோடு ஒரு வேண்டுகோளையும் சேர்க்கிறேன். "ஹேப்பி" வரும் காட்சியை முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். க்ரூவின் காலடிக்குக் கைதட்டிக்கொண்டே வாருங்கள். பிறகு படத்தை மூடிவிட்டு, 24 மணி நேரக் காணொளியிலிருந்து ஏதாவது ஒரு நேரத்தைத் திறந்து, அதற்கும் ஒலியில்லாமல் தட்டுங்கள். இரண்டிலும் உங்கள் கை ஒரே வேகத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். தேன்மொழி அவர்களும் செய்து பார்த்துவிட்டு எழுதினால், அடுத்ததாக மினியன்களின் அசைவுகளை எடுத்துக்கொண்டு பேசலாம்.